டியூலிப் பூவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்: கால்வினிசம் பற்றிய கேள்வி பதில்

16-ம் நூற்றாண்டில் ஜெனீவாவில் போதித்த சீர்திருத்தவாதி ஜான் கால்வினுடைய பெயரால் வழங்கும் கால்வினிசம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. பல வருடம் சபை வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். சீர்திருத்த மரபைச் சேர்ந்தவன், அதை மறைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது. கடைசிக்காலம், அந்நியபாஷை, தசமபாகம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: ஐயா, கால்வினிசம் என்றால் டியூலிப் என்ற ஐந்து அம்சங்கள்தானே? கால்வின் எழுதியதுதானே?

பதில்: இல்லை. இந்த ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கால்வின் இறந்தது 1564-ல். ஐந்து அம்சங்கள் (மனுஷனுடைய முழுச் சீர்கேடு, நிபந்தனையற்ற தெரிந்தெடுப்பு, வரையறுக்கப்பட்ட பாவநிவிர்த்தி, தடுக்கமுடியாத கிருபை, பரிசுத்தவான்கள் நிலைத்திருத்தல்) பிறந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, நெதர்லாந்தில். லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அர்மீனியஸ், ஜெனீவாவில் கால்வினுடைய வாரிசான பேசாவிடமே படித்தவர். யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் முன்பே தீர்மானித்தார் என்ற முன்குறித்தல் போதனையைப் பற்றி அவர் கேள்வி எழுப்பினார். சக பேராசிரியர் கோமாரஸ் எதிர்த்தார். 1609-ல் அர்மீனியஸ் இறந்துபோனார். மறு வருடம் அவரைப் பின்பற்றிய போதகர்கள் அரசுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். அதில்தான் ஐந்து கட்டுரைகள் இருந்தன. ஆக, ஐந்து என்ற எண்ணிக்கையைத் தீர்மானித்தது கால்வினிஸ்டுகள் அல்ல, எதிர்த்தரப்பு. அந்த ஐந்துக்குப் பதில் சொல்லத்தான் 1618 நவம்பரில் டார்ட் நகரத்தில் மாநாடு கூடியது. 1619 மே மாதம் வரை நடந்தது.

அதன் தீர்மானங்களைத் திறந்து பார்த்தால் வரிசையே வேறு. முதலில் தெரிந்துகொள்ளுதல் (அதாவது தேவன் இரட்சிப்புக்கென்று சிலரைத் தெரிந்தெடுப்பது), இரண்டாவது கிறிஸ்துவின் மரணம். மூன்றையும் நான்கையும் ஒரே தலைப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். ஐந்தாவது, பரிசுத்தவான்கள் நிலைத்திருத்தல். ஆங்கில முதலெழுத்துகள் ஒரு பூவின் பெயராக வரவேண்டும் என்று வரிசையை மாற்றியது 20-ம் நூற்றாண்டு வேலை. 'வரையறுக்கப்பட்ட', 'தடுக்கமுடியாத' என்ற முரட்டு அடைமொழிகள் டார்ட் தலைப்புகளில் இல்லை.

கால்வினுடைய பெரிய நூலான 'இன்ஸ்டிடியூட்ஸ்'-ன் 1559 பதிப்பில் 80 அதிகாரங்கள். முன்குறித்தலுக்கென்று ஒதுக்கியது நான்கு. மூன்றாம் புத்தகத்தில், 21 முதல் 24 வரை.

அதனால் என் வேண்டுகோள்: ஆதரிக்கிறவரோ எதிர்க்கிறவரோ, முதலில் டார்ட் தீர்மானங்களைப் படியுங்கள். ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். இதை இன்னும் சில முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அர்மீனியஸைப் பின்பற்றுகிறவர்கள் கிரியையினால் இரட்சிப்பு என்று நம்புகிறவர்கள். அவர்களோடு நமக்கு என்ன ஐக்கியம்?

பதில்: 1610 விண்ணப்பத்தின் மூன்றாவது கட்டுரையைப் படித்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். மனுஷனுக்குத் தன்னிடத்திலிருந்து இரட்சிக்கும் விசுவாசம் கிடையாது, பரிசுத்த ஆவியினால் மறுபடியும் பிறக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தக் கிருபையை மனுஷன் எதிர்த்து நிற்க முடியுமா என்பதுதான் தகராறு. முடியும் என்றது நான்காவது கட்டுரை. கடைசிவரை நிலைநிற்பதைப் பற்றி ஐந்தாவது கட்டுரை முடிவே சொல்லாமல், வேதத்திலிருந்து இன்னும் ஆராயவேண்டும் என்று விட்டுவிட்டது. நீங்கள் விவரிப்பது, மனுஷன் தன் சொந்த முயற்சியாலேயே நீதிமானாகலாம் என்ற பெலேஜியஸின் போதனை. அதை 418-ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் தள்ளியாயிற்று. ஒருவருடைய கொள்கையை அவரே "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று தலையாட்டும் வார்த்தைகளில் சொல்லிக்காட்டுங்கள். அப்புறம் மறுக்கலாம்.

கேள்வி: செர்வேட்டஸை உயிரோடு எரித்த கால்வினுடைய போதனையை எப்படி நம்புவது?

பதில்: செர்வேட்டஸ் திரித்துவத்தை மறுத்து எழுதிய ஸ்பெயின் நாட்டு மருத்துவர். 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் நடந்தது. குற்றம் சாட்டவைத்தவர் கால்வின், தீர்ப்புச் சொன்னது நகரசபை. எரிக்காமல் தலையை வெட்டுங்கள் என்று கால்வின் கேட்டுக்கொண்டதை ஒரு தயவாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை ஒன்றும் தெரியவில்லை. கத்தோலிக்க விசாரணை மன்றமும் அவருக்கு ஏற்கெனவே மரண தண்டனை விதித்திருந்தது, லூத்தரின் சகாவான மெலாங்க்தன் ஜெனீவாவைப் பாராட்டினார் என்பதெல்லாம் உண்மை. அதனால் செய்தது சரியாகிவிடாது. ஒரு மனுஷனைக் கொல்வது கொள்கையைக் காப்பது ஆகாது, அது ஒரு மனுஷனைக் கொல்வதுதான் என்று கால்வினை எதிர்த்த அறிஞர் காஸ்டெல்லியோ அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார். 1903-ல் கால்வினைப் பின்பற்றுகிறவர்களே அந்த இடத்தில் வருத்தம் தெரிவித்து ஒரு கல் நட்டார்கள். ஆனால் வழக்கு திரித்துவத்தையும் குழந்தை ஞானஸ்நானத்தையும் பற்றியது. ரோமர் 9-க்கு என்ன அர்த்தம் என்பதை அந்தத் தீ தீர்மானிக்காது.

கேள்வி: எல்லாம் முன்குறித்தாயிற்று என்றால் ஜெபம் எதற்கு, சுவிசேஷம் எதற்கு?

பதில்: இதே கேள்வி ஆறு பேரிடமிருந்து வந்திருக்கிறது, ஆறு பேருக்கும் சேர்த்து. கால்வினுடைய நூலில் முன்குறித்தலுக்கு முந்தின அதிகாரம் ஜெபத்தைப் பற்றியது, முழு நூலிலும் நீளமான அதிகாரம் அதுதான். 1793-ல் இந்தியாவுக்குக் கப்பலேறிய வில்லியம் கேரி கால்வினிஸ்ட். திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த விட்ஃபீல்டும் கால்வினிஸ்ட். முடிவைக் குறித்தவர் வழியையும் குறித்தார் என்பது அவர்களுடைய பதில். பாவிகளை விசுவாசிக்கும்படி அழைக்கவே கூடாது என்ற ஒரு கூட்டமும் 18-ம் நூற்றாண்டில் இருந்தது உண்மை. அவர்களை எதிர்த்து 1785-ல் எழுதிய ஆண்ட்ரூ ஃபுல்லர், கேரியின் நண்பர், அவரும் கால்வினிஸ்ட்தான்.

கேள்வி: ஐயா, நான் தெரிந்துகொள்ளப்பட்டவளா என்று எப்படித் தெரியும்? இந்தப் போதனையைக் கேட்டதிலிருந்து இரவில் தூக்கம் இல்லை.

பதில்: சகோதரி, மற்ற கேள்விகளை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் உங்களுக்குத்தான் எழுதினேன்.

நீங்கள் தேடுகிற இடம் தவறு. தேவனுடைய மறைவான தீர்மானத்தை எட்டிப் பார்க்கப் போகிறவன் வெளியே வரமுடியாத சிக்கலுக்குள் நுழைகிறான் என்று கால்வினே எச்சரிக்கிறார். கிறிஸ்துதான் கண்ணாடி, நம்முடைய தெரிந்துகொள்ளுதலை அவருக்குள்தான் பார்க்கவேண்டும் என்கிறார். "என் பெயர் பட்டியலில் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று சொன்னவரிடம் போக உங்களுக்கு மனம் இருக்கிறதா என்று கேளுங்கள். மனம் இல்லாதவர்களுக்கு இந்தப் பயமே வராது.

டார்ட் தீர்மானங்கள், முதல் தலைப்பு, 16-ம் பிரிவு உங்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதப்பட்டது. உறுதியான நிச்சயத்தை இன்னும் உணராமல், ஆனாலும் தேவனை நாடி, வசனத்தையும் ஜெபத்தையும் விடாமல் இருப்பவர்கள் கலங்கவேண்டாம், தங்களைத் தள்ளப்பட்டவர்களாக எண்ணவேண்டாம் என்கிறது. உங்களைப் பயமுறுத்திய பிரசங்கியார் அதைப் படித்தாரா என்று தெரியவில்லை. உங்கள் போதகரிடம் நேரில் பேசுங்கள். தூக்கமில்லாமை தொடர்ந்தால் மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் இல்லை.

கேள்வி: ரோமர் 8:29-ல் 'முன்னறிந்தாரோ' என்றுதானே இருக்கிறது? யார் விசுவாசிப்பார் என்று முன்பே பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

பதில்: நல்ல கேள்வி. வசனம் "எவர்களை" என்கிறது. அவர்களைப் பற்றி எதை என்று சொல்லவில்லை. வேதத்தில் அறிதல் என்பது பல இடங்களில் உறவைக் குறிக்கும். ஆமோஸ் 3:2-ல் "உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன்" என்றால், மற்ற ஜாதிகளைப் பற்றித் தகவல் இல்லை என்று அர்த்தமல்ல. எங்கள் தரப்பு வாதம் இது. ஆனால் அப்போஸ்தலர் 26:5-ல் யூதர்கள் தன்னை ஆதிமுதல் அறிவார்கள் என்று பவுல் சொல்லும்போது அதே கிரேக்க வினைச்சொல்தான் வருகிறது. அங்கே அது வெறும் முன்-அறிமுகம்தான். ஒரு சொல்லை வைத்து வழக்கை முடிக்க முடியாது.

கேள்வி: இதுவும் தலைவிதியும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. விதிக்கு முகம் கிடையாது, அதனோடு யாரும் பேசி வழக்காட முடியாது. சங்கீதக்காரன் வழக்காடுகிறான்.

கேள்வி: கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தாரா, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

பதில்: ஒரே வார்த்தையில் வராது. டார்ட் இரண்டாம் தலைப்பு, 3-ம் பிரிவு: குமாரனுடைய மரணம் அளவில்லாத மதிப்புள்ளது, உலகம் முழுவதன் பாவங்களையும் நிவிர்த்தி செய்ய ஏராளமாகப் போதுமானது. 8-ம் பிரிவு: அதன் இரட்சிக்கும் பலன் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைச் சென்றடையவேண்டும் என்பது பிதாவின் சித்தம். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க இடம் இருந்தது. பிரிட்டனிலிருந்து அந்த மாநாட்டுக்கு வந்த பிரதிநிதி டேவ்னன்ட், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், அதன் பலன் விசுவாசிக்கிறவர்களுக்குக் கிடைக்கிறது, விசுவாசத்தைத் தேவன் தெரிந்துகொண்டவர்களுக்குக் கொடுக்கிறார் என்றார். நான் அவர் பக்கம்.

கேள்வி: அப்படியானால் நீங்கள் கால்வினிஸ்டே இல்லை! ஒருவனுடைய கடனைக் கிறிஸ்து அடைத்துவிட்டால், அதே கடனை நரகத்தில் மறுபடியும் வசூலிப்பது அநியாயம் இல்லையா?

பதில்: பணக்கடன் என்றால் நீங்கள் சொல்வது சரி. யார் கட்டினாலும் அந்த நிமிடமே கடன்காரன் விடுதலை. அப்படியானால் தெரிந்துகொள்ளப்பட்டவன் சிலுவை நாளிலேயே விடுதலையாகியிருக்க வேண்டும், பிறக்கும்போதே நீதிமானாகப் பிறக்கவேண்டும். ஆனால் பவுல் எபேசியர் 2:3-ல் தன்னையும் சேர்த்தே, நாமும் மற்றவர்களைப்போலக் கோபாக்கினையின் பிள்ளைகளாயிருந்தோம் என்கிறார். கடன் ஓர் உவமை. அதைக் கணக்குப் புத்தகமாக்கினால் உங்கள் கணக்கே இடிக்கும்.

கேள்வி: (மேற்படி சகோதரரே) நழுவுகிறீர்கள். எல்லாருடைய எல்லாப் பாவங்களுக்காகவும் மரித்தாரா, சிலருடைய எல்லாப் பாவங்களுக்காகவுமா, எல்லாருடைய சில பாவங்களுக்காகவுமா? அவிசுவாசமும் பாவம்தானே?

பதில்: இது ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஓவனின் வாதம். 17-ம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது, லேசில் விழாது. ஆனால் இதிலும் அதே கணக்குப் புத்தகம்தான் ஒளிந்திருக்கிறது. நீங்கள் விசுவாசிப்பதற்கு முன்னிருந்த அவிசுவாசத்துக்காகவும் கிறிஸ்து மரித்தார்; ஆனாலும் அதுவரை நீங்கள் கோபாக்கினையின் கீழ்தான் இருந்தீர்கள். பலிக்கும் பலனுக்கும் நடுவே விசுவாசம் நிற்கிறது என்பதை நீங்களும் ஒத்துக்கொண்டாக வேண்டும்.

கேள்வி: நான் வெஸ்லி மரபு, மெதடிஸ்ட். நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தால் எங்கள் பக்கம்தானே?

பதில்: அந்த ஒரு அடியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவன் விசுவாசித்து இன்னொருவன் விசுவாசிக்காமல் போவதன் கடைசிக் காரணம் எங்கே என்று கேட்டால், நான் தேவனுடைய இரக்கத்தைக் காட்டுவேன், நீங்கள் மனுஷனுடைய சம்மதத்தைக் காட்டுவீர்கள். உங்களுக்கு யோவான் 12:32 இருக்கிறது, "எல்லாரையும் என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன்". எனக்கு 6:44, "பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால்". கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வினைச்சொல். ஒன்றை வைத்து மற்றதை மூடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெஸ்லி 1739-ல் முன்குறித்தலைக் கடுமையாகத் தாக்கிப் பிரசங்கித்தார். விட்ஃபீல்ட் அதற்கு மறுப்பு எழுதி வெளியிட்டார். 1770-ல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் அதே வெஸ்லிதான்.

கேள்வி: என் தம்பி கால்வினிசம் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து சபையில் எல்லாரையும் திருத்துகிறான். பாட்டுப் புத்தகத்தைக்கூட விடவில்லை. என்ன செய்வது?

பதில்: அக்கா, இதற்குக் கூண்டுப் பருவம் என்று பெயர், எங்கள் ஆட்களே வைத்த பெயர். கொஞ்ச காலம் கூண்டில் வைத்தால் சரியாகிவிடும். சீர்திருத்தத்தை இவனே நேற்று ஆரம்பித்ததுபோலப் பேசுவான். டார்ட் தீர்மானங்கள், முதல் தலைப்பு, 14-ம் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். இந்தப் போதனையை ஏற்ற காலத்திலும் இடத்திலும், நிதானத்தோடு சொல்லவேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பாட்டுப் புத்தகத்தைத் திருத்துவதற்கு முன், 'பிளவுண்ட மலையே' எழுதிய டாப்ளேடி வெஸ்லியின் பரம எதிரி, கடும் கால்வினிஸ்ட் என்பதையும் சொல்லுங்கள். வெஸ்லி மரபுச் சபைகளும் அதைக் கண்ணீரோடு பாடுகின்றன.

கேள்வி: லூத்தரன்கள், கத்தோலிக்கர்கள் நிலை என்ன?

பதில்: லூத்தரன்கள் 1577 உடன்பாட்டில் தெரிந்துகொள்ளுதலை வைத்துக்கொண்டு, கிருபையை எதிர்க்க முடியும் என்றார்கள். கத்தோலிக்கர்களிலும் டொமினிக்கன்களும் இயேசு சபையினரும் இதே விஷயத்தில் மோதி, 1598 முதல் 1607 வரை ரோமில் விசாரணை நடந்தது. ஐந்தாம் பவுல் போப் தீர்ப்புச் சொல்லாமலே முடித்துவிட்டார்.

கேள்வி: வேறு சபைக்கு மாறிவிடலாமா?

பதில்: உங்கள் போதகரிடம் கேளுங்கள்.

கேள்வி: எல்லாம் முன்குறித்தாயிற்று என்றால் ஜெபம்...

பதில்: மேலே.

கேள்வி: (கடனைப் பற்றி வாதாடிய அதே சகோதரர், நான்காவது முறை) யோவான் 10:15-ல் "ஆடுகளுக்காக" என்று இருக்கிறது. விசுவாசத்தையே சிலுவைதான் சம்பாதித்துக் கொடுத்தது என்று ஓவன் சொல்வதற்கு நீங்கள் பதில் சொல்லவே இல்லை.

பதில்: உண்மை, சொல்லவில்லை. ஆடுகளுக்காக என்றால் ஆடுகளுக்காக மட்டும் என்று ஆகாது. "என்னில் அன்புகூர்ந்து எனக்காக" என்று பவுல் எழுதியதால் பவுலுக்காக மட்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இரண்டாவது வாதம் கனமானது. டார்ட் 8-ம் பிரிவிலேயே, விசுவாசத்தையும் அவர் தமது மரணத்தினால் சம்பாதித்தார் என்று இருக்கிறது. டேவ்னன்ட் அதை எப்படிச் சமாளித்தார் என்பது எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கால்வினிஸ்டே இல்லை என்றீர்களே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் கோமாரஸ், என் டேவ்னன்ட், இருவருடைய கையெழுத்தும் ஒரே தீர்மானத்தின் கீழ் இருக்கிறது.