சப்ளை செயினில் மனிதர்களுக்கு அப்படி என்ன வேலை? சான்றிதழ், சாஃப்ட்வேர் எல்லாம் போதாதா?

கேட்டவர் எம்பிஏ மாணவர் என்று நினைக்கிறேன். நான் திருப்பூரில் 14 வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரின் ஆர்டரை வாங்கிக் கப்பல் ஏறும்வரை பார்த்துக்கொள்பவனாக இருந்தவன். எனக்குத் தெரிந்தது பனியன் மட்டும்தான். இரும்பு, ஏலக்காய்க்கெல்லாம் இது பொருந்துமா என்று கேட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஆர்கானிக் டிஷர்ட் 10,000 பீஸ் ஆர்டர். ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் (GOTS) என்ற சர்வதேசச் சான்றிதழ் உள்ள சரக்கு. ஜின்னிங்கில் தொடங்கி ஸ்பின்னிங், நிட்டிங், டையிங் என்று சரக்கு கைமாறும்போது கூடவே டிசி எனப்படும் டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட்டும் வர வேண்டும்; எந்தச் சரக்கு, எத்தனை கிலோ, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்லும் பேப்பர் அது. எங்கள் ஃபைல் பக்காவாக இருந்தது. ஆனால் டையிங் முடிந்து வந்த துணியில் ஓட்டை, நீடில் லைன் (நிட்டிங் ஊசிக் கோளாறால் விழும் கோடு). கழித்தது போக 110 கிலோ குறைகிறது. சுமார் 500 பீஸ். கப்பலுக்கு இன்னும் ஆறு நாள்.

அதே கலரில், அதே ஜிஎஸ்எம்மில் (துணியின் கனம்) சாதாரணக் காட்டன் ரோல் ஸ்டோரில் சும்மா கிடந்தது. ஆர்கானிக் துணியையும் சாதாரணத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்டோர்கீப்பர் அண்ணனிடம் போய், "நாலு ரோல் போடுங்கண்ணா" என்றேன். ஆர்கானிக் ரோலுக்கெல்லாம் பச்சை டேப் சுற்றி, லாட் நம்பரை நீள நோட்டில் தன் கையாலேயே எழுதி வைப்பவர் அவர். கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேறு பையன். அண்ணன் நோட்டைத் திறக்கக்கூட இல்லை.

"அது ஆகாதுங்க தம்பி. நூலு வந்தது இவ்வளவு, சேதாரம் இவ்வளவு. பீஸ் மட்டும் எப்படிங்க கூடும்?"

கட்டிங் ஆட்கள் முன்னால் அவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் அசையவில்லை. கடைசியில் 500 பீஸ் குறைவாகத்தான் போனது. பையர் பில்லில் பிடித்தார், முதலாளி என்னைப் பிடித்தார். நாலு ரோல் கலந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. கலக்கச் சொன்னவனே நான்தான். அந்த வருடம் அண்ணனுக்குக் கூடிய சம்பளம் 500 ரூபாய்.

எல்லா ஸ்டோரிலும் இப்படி ஒருவர் இருப்பார் என்றும் சொல்லவில்லை. 2020 அக்டோபரில் காட்ஸ் அமைப்பே, இந்தியாவில் சுமார் 20,000 டன் பஞ்சுக்குப் போலி டிசி ஓடியதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. அந்தப் பேப்பரை அடித்ததும் மனிதர்கள்தானே. அதே மாதிரி சாயக்கழிவு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது, சட்டம் இல்லாததால் அல்ல. இப்போது சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்ஓ, எவாப்பரேட்டர் மெஷின் எல்லாம் இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு அதை ஓட்டுவதா, வால்வைத் திறந்து கழிவை அப்படியே வெளியே விடுவதா என்பது அந்த ஷிஃப்ட் ஆள் கையில்; அவரை ஏவுகிறவர் கையிலும்தான்.

பையர் பக்கத்து மனிதர்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பீஸுக்கு நாலு ரூபாய் குறை என்பார்கள், ஓகே வாங்க அனுப்பும் லேப் டிப்பை (சாயம் போட்ட கலர் சாம்பிள்) மூன்று வாரம் கிடப்பில் போடுவார்கள், டெலிவரித் தேதி மட்டும் நகராது. இதில் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் வேறு. என் மகள் காதுகுத்தன்று, தாய்மாமன் மடியில் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது, "கார்ட்டன் போட்டோ ப்ளீஸ்" என்று ஒன்பது மெசேஜ். எனக்கு இன்னும் ஆறவில்லை. சரி, அதை விடுங்கள்.

பரீட்சைக்கு என்றால் புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள், மார்க் வந்துவிடும். புராஜெக்டுக்காகத் திருப்பூர் வருவதானால் கம்ப்ளையன்ஸ் மேனேஜரின் ஏசி ரூமில் உட்காராமல் ஸ்டோருக்குப் போங்கள். மூன்று மணிக்கு மேல் போனால் லோடு இறக்கி முடித்திருப்பார்கள், பேச நேரம் இருக்கும். நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.