வாந்திக்கு ஊசி போட்டபின் கழுத்து இழுத்துக்கொண்டது, வலிப்பா?

17 வயதுத் தம்பிக்கு வாந்திக்காகப் பெரினார்ம் ஊசி, சாயங்காலமே கண் மேலே சொருகி, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, ஃபெனர்கன் ஊசி போட்டதும் சரியானது என்கிறீர்கள். அவ்வளவு நேரமும் நினைவோடு பேசினான் என்றும் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். உடம்பு முழுக்க வெட்டும் வலிப்பில் நினைவு தப்பிவிடும். இது அநேகமாக டிஸ்டோனியா, அதாவது தசைகள் தாமாக முறுக்கிக்கொள்வது, பெரினார்ம் மருந்தின் பக்கவிளைவு. பாட்டி சொல்கிற மந்திரிப்பெல்லாம் வேண்டாம்.

பெரினார்மில் இருப்பது மெட்டோகுளோப்ரமைடு. மூளையின் வாந்தி மையத்தில் டோபமைன் என்ற, செய்தி கடத்தும் வேதிப்பொருளைத் தடுப்பதுதான் அதன் வேலை. ஆனால் தசை அசைவைச் சீராக்கும் பகுதிக்கும் டோபமைன்தான் வேண்டும். அங்கேயும் தடுத்துவிட்டால் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் கை ஓங்கி, தசைகள் முறுக்கிக்கொள்ளும். ஃபெனர்கன் அந்த அசிட்டைல்கோலினை அடக்குகிறது, அதனால்தான் சில நிமிடங்களில் குணம். சிறுவர்களுக்கும் இளவயதினருக்கும் இது அதிகம் வரும். 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை மெட்டோகுளோப்ரமைடை 5 நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது.

ஃபெனர்கனின் வேகம் குறைந்ததும் ஓரிரு நாளில் மறுபடி இழுக்கலாம். அப்படி இழுக்காமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமப்பட்டால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஒத்துக்கொள்ளாத மருந்து பெரினார்ம் (மெட்டோகுளோப்ரமைடு) என்று சீட்டில் எழுதி அவன் பர்ஸில் வையுங்கள். தலைசுற்றலுக்குத் தரும் ஸ்டெமெட்டில் மருந்தும் இதேபோல் டோபமைனைத் தடுத்து இழுப்பை வரவழைக்கலாம். அடுத்த முறை வாந்தி என்றால் ஆன்டன்செட்ரான் தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், அது டோபமைனைத் தொடாமல், செரடோனின் என்ற வேறொரு வேதிப்பொருளின் வழியில் வேலை செய்வது.