டீச்சரிடம் கேளுங்கள்: மைதானமும் பரீட்சையும்

*மகளுக்குப் பதினைந்து வயது, தரம் 10. 1500, 3000 மீற்றர் ஓடுகிறாள். மாகாண மட்டத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். விடிய 5 மணியிலிருந்து ஆறரை வரை பயிற்சி, பின்னேரம் 3 மணியிலிருந்து 5 மணி வரை பயிற்சி, சனிக்கிழமை மூன்று மணித்தியாலம். டியூஷன் முடிந்து வர எட்டரை ஆகும். படுக்கப் பதினொன்று, எழும்ப நாலேகால். இப்போது பரீட்சைக்கு முதல் நாள் வாந்தி எடுக்கிறாள், சும்மா சும்மா அழுகிறாள். வகுப்பு டீச்சர் ஓட்டத்தை விடச் சொல்கிறார். கோச் டியூஷனை விடச் சொல்கிறார். நான் கொழுந்து எடுக்கப் போகிறவள். யார் பேச்சைக் கேட்பது?*
— ஒரு தாய், மஸ்கெலியா

தங்கச்சி, இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். ஓட்டமா படிப்பா என்று முடிவு கட்டுகிற நேரமில்லை இது. முதலில் பிள்ளை தூங்கட்டும்.

நீங்கள் எழுதியபடி பார்த்தால் அவள் தூங்குவது ஐந்தேகால் மணித்தியாலம். 13 வயது முதல் 18 வரையுள்ள பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் தூக்கம் வேண்டும், ஓடுகிற பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம். தூக்கம் குறைந்தால் படித்தது மண்டையில் நிற்காது, காலில் அடிபடுவதும் கூடும், சின்னப் பேச்சுக்கும் கண் கலங்கும்.

அடுத்தது பயிற்சி. விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் அளவு ஒன்று உண்டு: வாரப் பயிற்சி மணித்தியாலம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்கு மூன்றரை, ஐந்து நாளைக்குப் பதினேழரை, சனிக்கிழமையோடு இருபதரை. பதினைந்து வயதுக்கு அது கூடுதல்.

கோச்சும் கெட்டவர் இல்லை, வகுப்பு டீச்சரும் கெட்டவர் இல்லை. ஒருவர் மைதானத்தை மட்டும் பார்க்கிறார், மற்றவர் மார்க்ஸை மட்டும் பார்க்கிறார், டியூஷன் சேருக்கு இரண்டுமே தெரியாது. ஆளுக்கொரு முழுப் பிள்ளையைக் கேட்கிறார்கள், இருப்பதோ ஒரு பிள்ளை. அவளுடைய முழு வாரத்தையும் ஒரே தாளில் எழுதி இதுவரை யாரும் பார்க்கவில்லை, வேதனையே அதுதான்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து ஒரு சீ.ஆர். கொப்பித் தாளில் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எழும்பும் நேரம், பஸ்ஸுக்கு நிற்கும் நேரம், பயிற்சி, டியூஷன், படுக்கை. தவணைப் பரீட்சை நாட்களைச் சிவப்பிலும் மீட், அதாவது ஓட்டப் போட்டி நாட்களை நீலத்திலும் குறிக்கட்டும். அந்தத் தாளோடு அதிபரிடம் போய், கோச்சையும் வகுப்பு டீச்சரையும் ஒன்றாகக் கூப்பிட்டுப் பேசும்படி கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசத் தோட்டத்து அம்மாமார் தயங்குவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தயங்காதீர்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் லயத்து வீடுகளில் இருக்கும் படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

என்ன கேட்பது? காலைப் பயிற்சியை வாரத்தில் ஒரு நாளாகக் குறைக்கச் சொல்லுங்கள். பரீட்சைக்கு முன் இரண்டு வாரம் பயிற்சி நேரத்தைப் பாதியாக்கச் சொல்லுங்கள். வேகத்தை விடாமல் ஓடும் தூரத்தை மட்டும் குறைத்தால் அந்த இரண்டு வாரத்தில் ஓட்டம் கெட்டுப்போகாது, கோச்சுக்கும் அது தெரிந்த விஷயம்தான். மீட்டுக்குப் போகும் நாட்களில் தவறும் பாடத்தைக் கொப்பி பண்ண ஒரு தோழியைப் பொறுப்பாக விடச் சொல்லுங்கள். பயிற்சி குறையும் நாட்களில் அவள் ஒன்பது மணிக்குப் படுக்கட்டும். டியூஷனிலும் எந்தப் பாடம் உண்மையில் தேவை என்று அவளையே கேட்டு, ஒன்றை நிறுத்துங்கள்.

அப்புறம், இரத்தம். மாதவிடாய் வரும் வயதில் இவ்வளவு தூரம் ஓடுகிற பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைவது சாதாரணம். குறைந்தால் களைப்பு வரும், மூச்சு வாங்கும், எரிச்சல் வரும், எல்லாரும் அதை மனக்கவலை என்றே நினைப்பார்கள். நம் வீடுகளில் ரொட்டியோடு சாயத்தண்ணி குடிப்பது வழக்கம். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தேயிலை தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். கௌப்பி, பருப்பு, நெத்தலி, முருங்கைக்கீரை கொடுங்கள், கூடவே ஒரு கொய்யாவோ தேசிக்காய்ப் புளியோ இருந்தால் சத்து நன்றாகச் சேரும். டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் காட்டி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். நீங்களாகக் குளிசை வாங்கிக் கொடுக்க வேண்டாம். மாதவிடாய் தவறுகிறதா என்றும் மகளிடம் கேளுங்கள். தவறினால், உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

*தரம் 11 படிக்கிறேன். 400 மீற்றர் ஓடுவேன். கொழும்பு சுகததாச மைதானத்தில் ஓடப் போனபோது நெஞ்சு படபடத்தது, கால் நடுங்கியது. ஓடாமல் திரும்பிவிடலாம் போல இருந்தது. சாதாரண தரப் பரீட்சையை நினைத்தாலும் அப்படித்தான். நான் கோழையா?*
— ஒரு மாணவன், தலவாக்கலை

இல்லை தம்பி. ஓடத் தயாராகும் உடம்பு அப்படித்தான் செய்யும். அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் காலுக்கு இரத்தத்தைத் தள்ளுகிறது, வயிற்றுக்குப் போவது குறைவதால் வயிறு கலக்குகிறது. உன் பக்கத்து லேனில் நின்றவனுக்கும் அதேதான். "பயமாக இருக்கிறது" என்று சொல்லாமல் "உடம்பு ரெடியாகிறது" என்று உனக்கு நீயே சொல்லிப் பார்.

மூச்சு ஒரு நல்ல கருவி. நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. வெளியே விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்கும். ஆனால் போட்டியன்று முதன்முதலாகச் செய்தால் கைகொடுக்காது. தினமும் படுக்கப் போகும்போதும், கடந்தகால வினாத்தாளைக் கையில் எடுக்கும் முன்னும் ஐந்து நிமிடம் பழகு. பரீட்சை மண்டபத்துக்கும் அதே மூச்சுத்தான்.

நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. குளிரிலிருந்து இறங்கிப்போய்க் கொழும்பு வெயிலில் நிற்பதே உடம்புக்கு ஒரு சுமை. முடிந்தால் முதல் நாளே போய்ச் சேர வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், ஓடுபாதையில் ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும். சிங்களத்தில் பெயர் கூப்பிடுவது விளங்காமல் பதறுகிற தமிழ்ப் பிள்ளைகளை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பயத்தில் பாதி அதுதான். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்று காலையிலேயே உன் சேரிடம் கேட்டுக் கையில் எழுதிக்கொள்.

*என்னிடம் பயிற்சி பெறும் பிள்ளை நன்றாக ஓடக்கூடியவள். திடீரென்று "இந்த மீட் வேண்டாம் சேர்" என்கிறாள். விட்டுக்கொடுத்தால் பழகிவிடுமோ?*
— ஒரு பயிற்றுவிப்பாளர், பண்டாரவளை

சேர், அவள் அதைச் சொன்னதே உங்கள் மேல் வைத்த நம்பிக்கை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடுவில் விலகினார். 2024இல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். விலகுவது பழகிவிடும் என்று பயப்பட அவசியமில்லை.

ஆனால் ஏன் என்று தெரிய வேண்டும். மற்றப் பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே, "ஓட்டத்தில் இப்போது எது பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள், அப்புறம் பேசாமல் இருங்கள். தூக்கம், பசி, பயிற்சி செய்தும் நேரம் பின்தங்குவது, முன்பு சிரித்த இடத்தில் சிரிக்காதது, இவற்றைக் கவனியுங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படியே போனால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். உயிரே வேண்டாம் என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால் அன்றைக்கே பெற்றோரிடம் சொல்லுங்கள், 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். யாராவது அவளுக்குத் தொல்லை கொடுப்பதாகத் தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929. ஒரு மீட் போனால் போகட்டும்.

*விளையாட்டில் முன்னுக்கு வந்தால் படிப்பு இல்லாமலே பல்கலைக்கழகம் போகலாம் என்கிறார்களே?*
— ஒரு தந்தை, கொட்டகலை

படிப்பு இல்லாமல் முடியாது ஐயா. விளையாட்டில் உயர்ந்த மட்டத்தில் திறமை காட்டியோருக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதி வழங்குகிறது. ஆனால் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி பெற்றே ஆக வேண்டும். இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகளும் வீரர்களைச் சேர்க்கின்றன. எதற்குப் போனாலும் சான்றிதழ் கேட்பார்கள். நம் லயத்துச் சுவர்களில் ஈரம் ஊறும், ஒரு மழைக்காலத்திலேயே தாள் பூஞ்சணம் பிடித்துவிடும். பிள்ளையின் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, சுவரில் படாத உயரத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோ பிரதி பள்ளிக்கூடத்திலும் இருக்கட்டும்.