எஸ்.எஸ்.பி.க்குப் போகும் முன்: தேர்வு, ஓட்டம், யாரை எப்படி அழைப்பது?

கே: அண்ணா, முப்படை அதிகாரி வேலைக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு முடித்துவிட்டேன், அடுத்த கட்டமாக பெங்களூரு எஸ்.எஸ்.பி.க்கு, அதாவது அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்துக்கு, அழைப்பு வந்திருக்கிறது. முதல் நாளே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாமே?

ப: பல சமயம் பாதிக்கும் மேல். அன்று இரண்டே சங்கதிதான்: அறிவுத்திறன் தாள்கள், பி.பி.டி.டி. என்னும் படக்கதை. மங்கலான படம் ஒன்று 30 வினாடி திரையில் நிற்கும். அடுத்த 1 நிமிடத்தில் பாத்திரங்களின் வயது, ஆணா பெண்ணா, மனநிலை ஆகியவற்றைக் குறித்துவிட்டு, 4 நிமிடத்தில் கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு நிமிடம் சொல்லி, எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும்.

இந்த இடம்தான் சந்தைக்கடை ஆகும். நீங்களும் சேர்ந்து கத்தினால் மதிப்பீட்டாளர் காதில் எதுவும் விழாது. சத்தம் இறங்கும் இரண்டு வினாடியைப் பிடியுங்கள். கடைசியாகப் பேசியவரின் கருத்திலிருந்து தொடங்கி, கதையை ஒரு படி நகர்த்துங்கள். உருப்படியாக மூன்று முறை பேசினால் போதும்.

கே: படங்களைப் பார்த்துக் கதை எழுதும் உளவியல் தேர்வான டி.ஏ.டி.க்கு இருபது கதை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

ப: காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்கிற வேலை. 11 படம், 12ஆவது வெற்றுத் திரை. ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி பார்வை, 4 நிமிட எழுத்து. படத்தில் ஒரு பெண் சோர்ந்து உட்கார்ந்திருப்பாள். மனப்பாடக்காரர் வெள்ள நிவாரணம் எழுதியிருப்பார். ஒட்டாதது அங்கேயே தெரிந்துவிடும். அதோடு, 60 சொற்களுக்குத் தலா 15 வினாடியில் எழுதும் வாக்கியங்களும், 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகளுக்கு எழுதும் பதில்களும் இதே ஆளைக் காட்டுகின்றனவா என்று உளவியலாளர் சேர்த்துப் பார்ப்பார்.

வீட்டில் 4 நிமிட அலாரம் வைத்து, வெள்ளைத் தாளில் கையால் எழுதிப் பழகுங்கள். பின்னணிக்கு இரண்டு வரி, மீதியெல்லாம் நாயகன் என்ன செய்தான் என்பதற்கு. பலர் பின்னணியிலேயே மூன்று நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். முன்கூட்டி யோசிக்கலாம் என்றால் அது வெற்றுத் திரைக் கதை மட்டும்தான்.

கே: மைதானத்தில் ஒவ்வொருவரும் தனியாகத் தாண்ட வேண்டிய தனிநபர் தடைகளில் எத்தனை முடிக்க வேண்டும்?

ப: 10 தடை, 3 நிமிடம். 1 முதல் 10 வரை மதிப்பெண், மொத்தம் 55. ஜி.டி.ஓ. (மைதானத் தேர்வுகளை நடத்தும் அதிகாரி) மைதானத்தைச் சுற்றிக் காட்டும்போதே எதிலிருந்து எதற்கு ஓடுவது என்று முடிவு செய்துவிடுங்கள். எண் வரிசைப்படி ஓடினால் நேரம் நடையிலேயே போய்விடும். கயிற்றைக் கையால் மட்டும் பிடித்தால் உள்ளங்கை உரியும், காலால் பூட்டப் பழகுங்கள்.

கே: தம்பி தரைப்படை வீரர்களைச் சேர்க்கும் அக்னிவீர் ரேலிக்குப் போகிறான். எதில் கவனம்?

ப: 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண். புல்-அப் 10 எடுத்தால் 40, ஒன்பதுக்கு 33, ஆறுக்கு 16. ஓட்டம் எல்லோரும் பழகுவார்கள். புல்-அப்பில்தான் கோட்டை விடுவார்கள். 9 அடிப் பள்ளத் தாண்டலுக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் தாண்டியே ஆக வேண்டும்.

கே: பக்கத்து வீட்டில் ஒரு சுபேதார் இருக்கிறார். "சார்" எனலாமா?

ப: தவறில்லை. படையில் வீரர்களுக்கு மேலே, அதிகாரிகளுக்குக் கீழே உள்ள நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் மூவரையும் "சாப்" என்பார்கள், அதிகாரிகளும் அப்படித்தான். டாங்கிப் படையில் சுபேதாருக்கு ரிசால்தார் என்று பெயர், ஹவில்தாருக்கு டபேதார். ஆமாம், கலெக்டர் ஆபீஸில் கேட்ட அதே சொல்தான். எஸ்.எஸ்.பி.யில் உங்களுக்கு இந்தக் குழப்பம் வேண்டாம். அதிகாரிகளிடம் "சார்", "மேம்", அதற்கு மேல் ஒன்றும் ஒட்ட வேண்டாம்.

கே: லெப்டினன்ட் கர்னலை முழுசாகவா சொல்வது?

ப: பேச்சில் "கர்னல்" போதும். மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல் இருவரும் "ஜெனரல்". எழுத்தில் மட்டும் முழுப் பதவி. கடற்படை கேப்டனைத் தரைப்படை கேப்டன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கர்னலுக்குச் சமம், விமானப்படையில் குரூப் கேப்டன் போல.

கே: ஓய்வுபெற்ற பிரிகேடியர் எங்கள் பள்ளி விழாவுக்கு வருகிறார். அழைப்பிதழில்?

ப: முதலில் பதவி, அடுத்து பெயர், கடைசியில் அடைப்புக்குறிக்குள் "ஓய்வு". "பிரிகேடியர் (ஓய்வு)" என்று பதவியோடு ஒட்டினால், ஓய்வுபெற்றது பதவி என்றாகிவிடும். மேடையில் "பிரிகேடியர்" என்றே அழையுங்கள்.