லேசர் அடிச்சா சொத்தைப் பல் வராதா?

கேள்வி: என் பையனுக்கு 7 வயசு டாக்டர், லேசர் வச்சா பல்லு சொத்தையாகாதுன்னு சொல்றாங்க, சூடு பட்டு நரம்பு போயிடாதா?

பதில்: நியாயமான பயம்தாம்மா. கார்பன் டை ஆக்சைடு லேசரோட சூட்டுல எனாமல்ல, அதாவது பல்லோட கெட்டியான மேல் பூச்சுல, இருக்கற சுலபமா கரையற கார்பனேட் குறையும், அதனால வாய்க் கிருமிங்க உண்டாக்கற ஆசிட்ல பல்லு சீக்கிரம் கரையாது, கூட ஃப்ளோரைடும் தடவினா இன்னும் நல்லது. ஆனா பல்லுக்குள்ள நரம்பு இருக்கற பல்கூழ்ல, வழக்கமான சூட்டை விட 5.5 டிகிரி செல்சியஸுக்கு மேல ஏறினா ஆபத்து, அதான் விட்டு விட்டு குட்டிக் குட்டி பல்ஸா அடிப்பாங்க. பையன், டாக்டர், பக்கத்துல நிக்கற நீங்க எல்லாரும் அந்த லேசருக்குன்னே உள்ள கண்ணாடி போடணும், கூலிங் கிளாஸெல்லாம் உதவாது! என்னைக் கேட்டா, புதுசா முளைச்ச கடவாய்ப்பல்லுக்கு முதல்ல சீலன்ட், அதாவது பல்லு மேல இருக்கற பள்ளத்தை மூடற பூச்சு, போடுங்க, செலவும் கம்மி. ராத்திரி பிரஷ் பண்ணினப்புறம் பிஸ்கட் குடுக்கறத நிறுத்துங்க.