வெளியேறும் வழியை முதலில் கேளுங்கள்

கேள்வி: பதினைந்து பேர் வேலை செய்யும் மொத்த வியாபார நிறுவனம் எங்களுடையது. கணக்கு, சரக்கு இருப்பு, பில் எல்லாமே அலுவலகத்தில் உள்ள ஒரே சர்வரில்தான் ஓடுகின்றன. அதற்கு வயதாகிவிட்டது. "கிளவுடுக்கு மாறினால் செலவு பாதியாகிவிடும்" என்கிறார் விற்க வந்தவர். நம்பலாமா?

பதில்: அதை எழுத்தில் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பிவிடும்.

கிளவுட் என்பது வேறொரு நிறுவனத்தின் கணினிகளை இணையம் வழியாக வாடகைக்குப் பயன்படுத்துவது. அமேசான் 2006இல் சேமிப்பிடத்தையும் சர்வரையும் பயன்படுத்தும் அளவுக்கு ஏற்ப வாடகைக்கு விடத் தொடங்கியது. பிறகு மைக்ரோசாஃப்டும் கூகுளும் வந்தன. அன்றும் இன்றும் இது வாடகைதான். மாதத்தில் நான்கு நாள் மட்டும் வேலை குவிந்து மற்ற நாள்களில் தூங்கும் நிறுவனத்துக்கு வாடகை லாபம். இரவு பகலாக ஒரே சீராக ஓடும் வேலைக்குச் சொந்தச் சர்வரே மலிவாக முடிவதும் உண்டு.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மாதத்துக்கு ஏறத்தாழ 730 மணி நேரம். நாளுக்குப் பத்து மணி வீதம் 25 நாள் வேலை என்றால் உங்களுக்குத் தேவை 250 மணிதான். மற்ற நேரத்தில் சர்வரை நிறுத்தி வைத்தால் அதன் வாடகையில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். நிறுத்த மறந்தால் யாரும் இல்லாத அலுவலகத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள். நிறுத்தினாலும் தரவு இருக்கும் வட்டுக்கான கட்டணம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதை விற்பவர் தானாகச் சொல்வது அபூர்வம். ஓராண்டு, மூன்றாண்டு ஒப்பந்தத்துக்குப் பெரிய தள்ளுபடி உண்டு. முதல் ஆறு மாதப் பில்லைப் பார்க்காமல் அதில் கையெழுத்திட வேண்டாம்.

உங்கள் அளவுள்ள நிறுவனம் வெறும் சர்வரை வாடகைக்கு எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. இயங்குதளத்தைப் புதுப்பிப்பதும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் உங்கள் தலையில்தான் விழும். கணக்குக்கும் சரக்குக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தாவில் கிடைக்கும் ஆயத்த மென்பொருளை எடுங்கள். உங்களுக்கென்றே எழுதப்பட்ட பழைய மென்பொருளை விட முடியாது என்றால் மட்டும் சர்வரைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: "99.9 சதவீதம் இயங்கும்" என்று உத்தரவாதம் தருகிறார்கள். அப்படியானால் தனியாக பேக்கப், அதாவது தரவின் மறுபிரதி, எதற்கு?

பதில்: இரண்டும் வெவ்வேறு சங்கதிகள். 99.9 என்றால் மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம், ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் படுத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி உண்டு என்று பொருள். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் அடுத்த பில்லில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள், அதுவும் நீங்கள் கேட்டால். அன்று உங்களுக்குப் போன வியாபாரத்தை யாரும் ஈடு கட்ட மாட்டார்கள்.

சேவை இயங்குகிறது என்பதால் உங்கள் தரவு பத்திரமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் அழிந்தது. வேறிடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். வைக்காதவர்களில் பலர் தரவை நிரந்தரமாக இழந்தார்கள். தீ வரைக்கும் போவானேன்? உங்கள் ஊழியர் ஒருவர் வாடிக்கையாளர் பட்டியலைத் தவறுதலாக அழித்தால், அதையும் அந்த அமைப்பு ஒழுங்காக நிறைவேற்றிவிடும். ஒரு பிரதி வேறு ஊரில், வேறு கணக்கில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து மீட்டும் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: வேறு நிறுவனத்துக்கு மாற விரும்புகிறோம். எங்கள் தரவை எடுத்துச் செல்லவே கட்டணம் கேட்கிறார்கள். இது நியாயமா?

பதில்: உள்ளே கொண்டுவர இலவசம், வெளியே எடுக்கக் கட்டணம் என்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். 2024இல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே, ஒரேயடியாக விலகுபவர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், நிபந்தனைகளும் உண்டு. நீங்கள் இப்போது சேவை வாங்கும் நிறுவனத்திடம் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

கட்டணத்தைவிட வடிவம்தான் பெரிய பொறி. பத்தாண்டுக் கணக்கைப் பிடிஎஃப் கோப்புகளாகத் தந்தால் புதிய மென்பொருளில் அதை ஏற்ற முடியாது. அட்டவணையாக, சிஎஸ்வி போன்ற பொது வடிவில் கேட்டு வாங்குங்கள். சந்தா முடிந்தபின் தரவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். சில இடங்களில் அது 30 நாள்தான்.

கேள்வி: இலவசச் சோதனைக்குக் கார்டு எண் கேட்கிறார்கள். பில் வரம்பு வைத்துவிட்டால் போதும்தானே?

பதில்: போதாது. பெரிய தளங்களில் அந்த வரம்பு பெரும்பாலும் எச்சரிக்கை மட்டுமே. மின்னஞ்சல் வரும், சேவை நிற்காது, பில்லும் ஏறிக்கொண்டிருக்கும். சோதனை முடிந்த அன்றே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அடுத்த மாதப் பில்லில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.