ஒரு நாளைக்கு ஒரு மரத்தடி போதும்

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. அப்பா போன பிறகு எங்கேயும் வெளியே வருவதில்லை. டிவியில் ஜப்பான் செர்ரிப் பூக்களைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் நேர்ல பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று ஒருநாள் சொன்னார். மார்ச் 27 முதல் ஏப்ரல் 4 வரை டோக்கியோ, கியோட்டோ போக டிக்கெட் போட்டுவிட்டேன். பார்ப்பதற்கு 14 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அண்ணனோ, "முட்டிவலியோட அம்மா எப்படி நடப்பாங்க, கேன்சல் பண்ணு" என்கிறான். அம்மா சுத்த சைவம் வேறு. நாங்கள் போகும்போது பூவே இல்லாமல் போனால்?
- வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

டிக்கெட்டைக் கேன்சல் செய்யாதீர்கள். கிழித்துப்போட வேண்டியது அந்தப் பதினான்கு இடப் பட்டியலைத்தான்.

சில வருடங்களுக்கு முன் நானும் என் அம்மாவை இதே பருவத்தில் அழைத்துப் போனேன். முதல் நாளே மூன்று இடம். சாயங்காலம் அறைக்கு வந்ததும், காலைத் தூக்கிக் கட்டிலில் வைக்கவே அம்மா சிரமப்பட்டார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அந்தக் குரலை மறக்க முடியவில்லை. மறுநாள் எங்கேயும் போகவில்லை. மூன்றாம் நாள் ஷின்ஜுகு க்யோஎன் தோட்டத்துக்கு மட்டும் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம்.

கொஞ்ச நேரத்தில் அம்மா கேட்டார்: "காத்தே இல்ல, ஏன் பூ முழுசு முழுசா விழுது?" அண்ணாந்து பார்த்தேன். சிட்டுக்குருவிகள். செர்ரிப் பூவின் தேன் அடியில் இருக்கும். வெள்ளைக்கண்ணி போன்ற பறவைகள் மெல்லிய அலகை முன்பக்கமாக நுழைத்துக் குடித்துவிடும். குருவிக்கு அலகு குட்டை, அதனால் பூவை அடியோடு கிள்ளித் தேனை உறிஞ்சிவிட்டுக் கீழே போட்டுவிடும். அப்படி விழும் பூ ஐந்து இதழும் விரிந்தபடியே சுழன்று சுழன்று இறங்கும். அதில் ஒன்று அம்மாவின் மடியில் விழுந்தது. ஊருக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா சொன்னது கோயிலையோ கோபுரத்தையோ பற்றி இல்லை, இந்தக் குருவியைப் பற்றித்தான். மூன்று இடம் ஓடியிருந்தால் குருவியை எங்கே பார்த்திருப்போம்?

ஹனாமி என்றால் பூ பார்ப்பது என்றுதான் அர்த்தம். ஆனால் ஜப்பான்காரர்கள் அதைச் செய்யும் விதத்தைப் பாருங்கள்: மரத்தடியில் விரிப்பு, ஓரமாகக் கழற்றி வைத்த செருப்பு, சாப்பாட்டு டப்பா, சுற்றிலும் வீட்டு மனிதர்கள். ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போன உங்கள் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தரையில் உட்கார முட்டி விடாது, பெஞ்சு போதும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு மரத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நேரம் ஓய்வு.

டோக்கியோவில் என் முதல் தேர்வு ஷின்ஜுகு க்யோஎன்தான். கட்டணம் 500 யென், 65 வயதைக் கடந்தவர்களுக்கு 250, பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். மது கூடாது என்பதால் கூச்சல் குறைவு. சக்கர நாற்காலி இரவல் தருகிறார்கள். அம்மா வேண்டாம் என்பார். "பையை வைக்க" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அரைமணியில் அவரே உட்கார்ந்துவிடுவார். பூக்காலத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் முன்பதிவு கேட்பார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபுஜி மலையும் சிவப்புக் கோபுரமும் பூவும் ஒன்றாகத் தெரியும் அந்தப் பிரபலமான படம் உங்கள் பட்டியலில் நிச்சயம் இருக்கும். அங்கே 398 படிகள். விட்டுவிடுங்கள். ஃபுஜியைத்தான் பார்க்க வேண்டுமென்றால் டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் ஷின்கான்சென் புல்லட் ரயிலில் வலப்பக்க ஜன்னல் இருக்கை, அதாவது 'E' வரிசை, எடுங்கள். வானம் தெளிவாக இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே தரிசனம்.

கியோட்டோவில் கேஆகே பழைய ரயில் பாதையும் வேண்டாம், முழுக்க ஜல்லி, சரிவு வேறு. அதன் பக்கத்திலேயே ஒகாசாகி கால்வாயில் பூக்காலத்தில் படகு விடுகிறார்கள். சுமார் 25 நிமிடம், இரு கரையிலும் மரங்கள். ஏறி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டால் போதும். தத்துவஞானி பாதை இரண்டு கிலோமீட்டர். வெள்ளிக் கோயில் எனப்படும் கின்ககுஜி (Ginkaku-ji) பக்கம் டாக்ஸியில் இறங்கி, முடிந்தவரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். டாக்ஸியில் அம்மாவின் கண் மீட்டர் மேலேயே இருக்கும். யென்னை ரூபாயில் சொல்லாதீர்கள்.

பூ இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. அங்கே அதிகம் இருப்பது சொமேய் யோஷினோ என்ற ரகம். ஒட்டுப்போட்டே பெருக்கியதால் எல்லா மரமும் ஒரே மரத்தின் நகல் மாதிரி. சேர்ந்தே பூக்கும், சேர்ந்தே கொட்டும். டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்திலுள்ள ஒரு குறிப்பிட்ட மரத்தில் ஐந்தாறு பூ விரிந்ததும் வானிலைத் துறை பூக்காலம் தொடங்கியதாக அறிவிக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முழு மலர்ச்சி. உங்கள் தேதிகள் நல்ல தேதிகள்தான். நீங்கள் போகும் வருடம் பூ முந்திக்கொண்டாலும் கவலைப்படாதீர்கள். கொட்டும் இதழ்களுக்குப் பூப்பனிப்புயல் என்றும், தண்ணீரில் மிதக்கும் இதழ்களுக்குப் பூத்தெப்பம் என்றும் அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பிந்திப் பூக்கும் ரகங்களும் ஷின்ஜுகு தோட்டத்தில் உண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் கவனம். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது. மிசோ சூப்பிலும் ஊடோன் நூடுல்ஸ் குழம்பிலும் மீனில் வடித்த தாஷி சாறு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சமையல் வசதியுள்ள அறையாக எடுங்கள். தெருமுனைக் கடைகளில் வெந்த சாதம் பாக்கெட்டிலும், இனிப்பில்லாத தயிர் டப்பாவிலும் கிடைக்கும். ஊறுகாயை நீங்கள் கொண்டுபோங்கள். பூத்த மரத்தடியில் தயிர்சாதம், அதைவிட என்ன வேண்டும்? சகுராமோச்சி என்ற இனிப்பையும் வாங்கிக் கொடுங்கள். உள்ளே பயறுப் பூரணம், வெளியே உப்பில் ஊறிய செர்ரி இலை. சொமேய் யோஷினோ பூவில் வாசனை அநேகமாக இல்லை, மல்லிகையை எதிர்பார்த்து வரும் அம்மா ஏமாறலாம். அந்த இலையில் வாசனை இருக்கிறது.

அப்புறம், பெரிய பெட்டிகளை டோக்கியோ ஓட்டலிலிருந்து கியோட்டோ ஓட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிடலாம், பெரும்பாலும் மறுநாளே வந்துவிடும். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். பூத்த நேரத்திலும் குளிர் திரும்பும், ஸ்வெட்டர் அவசியம். நம்மைவிட அங்கே மூன்றரை மணி நேரம் முன்னால், அதனால் முதல் இரண்டு நாள் காலையில் எழுப்பாதீர்கள்.

அண்ணனிடம் இந்தத் திட்டத்தைக் காட்டுங்கள். நடை பற்றிய அவர் கவலை சரியானது, அதை மதித்துத்தான் இவ்வளவும். அம்மாவுக்கு இதுவரை செருப்புதான் பழக்கம் என்றால், இந்த வாரமே கடைக்கு அழைத்துப் போய், அரை அளவு பெரிதாக ஒரு ஷூ வாங்குங்கள். புடவைக்கு நன்றாக இருக்காது என்பார். தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நடக்கட்டும், நீங்களும் கூடவே நடங்கள்.